ஏழு மாதம் ஆளில்லாத கொட்டேஜில் பிளஷ் கொமட் பூட்டிய அனுபவம்

கொட்டேஜ், அதாவது கோடைக்குப் போய்த் தங்குகிற ஏரிக்கரை வீடு, வாங்கிய தெரிந்த ஆட்கள் கனபேர் கேட்கிற முதல் கேள்வி, அங்கே ஒழுங்கான பிளஷ் கொமட் ஒன்று பூட்டலாமா, பூட்டினால் வின்ரருக்குத் தாக்குப்பிடிக்குமா என்பதுதான். பூட்டலாம், தாக்கும் பிடிக்கும். ஆனால் ரொறன்ரோப் பக்கம் மார்க்கத்திலோ ஸ்காபரோவிலோ வீட்டில் பூட்டுகிற மாதிரிப் பூட்டினால் பிடிக்காது. வீட்டில் என்றால் தண்ணீர் எப்படி வரும், எப்படிப் போகும் என்று மட்டும் பார்த்தால் போதும். கொட்டேஜில் ஒக்டோபர் மாதம் கடைசித் துளித் தண்ணீரும் எந்த வழியால் வெளியே போகப்போகிறது என்று முதலே முடிவெடுத்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். கொமட்டைத் தெரிவு செய்ததில் இருந்து பைப்பின் சரிவு வரை எல்லாவற்றையும் நான் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் தீர்மானித்தேன்.

எங்களுடையது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் ஹலிபேர்ட்டன் பக்கம், ஏரிக்கரையில், சீமெந்துக் கட்டைகளுக்கு மேல் நிற்கிற பழைய மரவீடு. மச்சான் குடும்பமும் நாங்களும் சேர்ந்து வாங்கினோம். மே மாதம் விக்டோரியா தின லோங் வீக்கெண்டுக்குத் திறந்தால் ஒக்டோபர் தாங்க்ஸ்கிவிங்கோடு மூடிவிடுவோம். அதற்குப் பிறகு ஹீட் இல்லை, கரண்ட் இல்லை, வெளியே மைனஸ் 30 வரை இறங்கும், உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர்தான். வாங்கும்போது வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்குள் ஒரு கிடங்குக் கக்கூஸ் மட்டும்தான் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு வேர்களுக்கு மேலால் நடந்து போக அவவால் ஏலாது. அவ வராத கொட்டேஜ் எங்களுக்குத் தேவையும் இல்லை.

கொமட் என்றவுடன் எல்லோரும் வெள்ளைப் பீங்கானைத்தான் நினைக்கிறார்கள். காசும் நேரமும் போவது அதில் இல்லை, நிலத்துக்குள் இருக்கிற செப்டிக்கில்தான், அதாவது கழிவைத் தாங்கியில் தேக்கித் தண்ணீரை மண்ணுக்குள் வடியவிடுகிற ஏற்பாட்டில். ஒன்ராறியோவில் இது கட்டடச் சட்டத்தின் 8ஆம் பகுதிக்குள் வருகிறது, பெர்மிட் எடுக்காமல் மண்வெட்டியைக்கூடத் தொடக்கூடாது. கிடங்குக் கக்கூஸும் கொம்போஸ்ட் கொமட்டும் 1ஆம் வகுப்பு. தாங்கியும் வடிபடுக்கையும் சேர்ந்த வழமையான செப்டிக் 4ஆம் வகுப்பு. வடிய இடமே இல்லாமல் எல்லாவற்றையும் தேக்கிவைத்து லொறியில் உறிஞ்சி எடுப்பது 5ஆம் வகுப்பு, அதற்குத் தாங்கி குறைந்தது 9,000 லீற்றர் வேண்டும். 5ஆம் வகுப்பை மலிவு என்று நினைத்து யாரும் ஆசைப்பட வேண்டாம். வேறு வழியில்லாத காணிகளுக்குத்தான் அதைப் பொதுவாகக் கொடுப்பார்கள், நிரம்ப நிரம்ப லொறிக்குக் காசு கொடுத்தபடியே இருக்க வேண்டும்.

4ஆம் வகுப்புக்குத் தாங்கி குறைந்தது 3,600 லீற்றர், உள்ளே இரண்டு அறை, வெளியேறும் வாயில் ஒரு பில்டர். தாங்கி வீட்டிலிருந்து 1.5 மீற்றர், ஏரியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 15 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் படுக்கை வீட்டிலிருந்து 5 மீற்றர், ஏரியிலிருந்து 15 மீற்றர், குழாய் இறக்கிய ஆழக் கிணறு என்றால் 15 மீற்றர், வெட்டின கிணறு என்றால் 30 மீற்றர். பக்கத்துக் காணிக்காரரின் கிணறும் இந்தக் கணக்குக்குள் வரும், அதைக் கனபேர் மறந்துவிடுகிறார்கள். இது எல்லாம் சரிவந்த பிறகும் எங்கள் பக்கத்தில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. படுக்கையின் அடிக்கும் பாறைக்கும் இடையில் குறைந்தது 900 மில்லிமீற்றர் மண் வேண்டும், ஹலிபேர்ட்டனிலோ ஒரு முழம் தோண்டமுதல் கருங்கல் வந்துவிடும். அதனால் லொறியில் மணல் இறக்கி, நிலத்துக்கு மேலே மேடாக எழுப்பித்தான் படுக்கை போட்டார்கள். இதை லைசென்ஸ் உள்ள ஆட்களிடம்தான் விட்டேன். வீட்டுக்குள் நடந்த வேலையைத்தான் மச்சானும் நானும் செய்தோம், அதற்கும் பிளம்பிங் பெர்மிட் எடுத்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

கொமட் தெரிவு செய்யும்போது நான் பார்த்தவை வேறு. ஒன்ராறியோவில் 2014 தொடக்கம் புதிய வீடுகளுக்கு ஒரு பிளஷுக்கு 4.8 லீற்றருக்கு மேல் அடிக்காத கொமட்தான். செப்டிக்குக்கும் அதுதான் நல்லது, கொஞ்சத் தண்ணீர் போனால் படுக்கைக்குக் கொஞ்சப் பாரம். ஆனால் எல்லா 4.8உம் ஒன்று இல்லை. மேப் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, 2003இல் தொடங்கியது, சோயாக் களியை உருட்டிப் போட்டு ஒரே அடியில் எத்தனை கிராம் போகிறது என்று பார்ப்பார்கள். உச்சம் 1,000 கிராம். வீட்டில் ஆட்கள் கூடுகிற குடும்பம் என்றால் 800க்குக் கீழே வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். சுவருக்குள் தாங்கி மறைந்திருக்கும் வகை, மோட்டரால் அரைத்துத் தள்ளும் வகை, உள்ளே அமுக்கப் பாத்திரம் வைத்து வேகமாக அடிக்கும் வகை, மூன்றையும் நான் முதலே ஒதுக்கினேன். கடைக்காரப் பெடியன் அமுக்கவகையைத்தான் திறம் என்று காட்டினான், வீட்டுக்குத் திறம்தான். ஆனால் அதில் தண்ணீர் மூடிய பாத்திரத்துக்குள் நிற்கிறது, ஒக்டோபரில் கைவிட்டு ஒற்றி எடுக்க ஏலாது. மூடியைத் தூக்கினால் அடி தெரிகிற, இரண்டு துண்டான, சாதாரண கொமட்தான் கொட்டேஜுக்கு ராசா.

இனி நிலம். பழைய பலகையின் மேல் கொமட்டை வைக்க வேண்டாம். நாங்கள் அந்த மூலையில் பலகையைக் கழற்றி, அடியில் மரச்சட்டங்கள் உக்கியிருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, முக்கால் அங்குல பிளைவுட் போட்டோம். கழிவுப் பைப்பின் வாயில் தரையோடு பூட்டுகிற வளையம்தான் பிளாஞ்ச், அதன் மேல்தான் கொமட் உட்காரும். சுவர் முடிந்த முகத்திலிருந்து பிளாஞ்சின் நடுவுக்கு 12 அங்குலம், இது பெரும்பாலான கொமட்டுகளின் அளவு. பழைய கட்டடங்களில் 10உம் 14உம் இருக்கும், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளாஞ்ச் முடித்த தரைக்கு மேல் உட்கார வேண்டும், தரைக்குள் தாழ்ந்திருந்தால் பிறகு ஒழுக்குக்கு மருந்தே இல்லை. வளையம் துருப்பிடிக்காத இரும்பில் இருக்கிற மாதிரி வாங்கி, அதை பிளைவுட்டோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம்.

கொமட்டுக்கும் பிளாஞ்சுக்கும் இடையில் ஒழுக்கை அடைக்க மெழுகு வளையமா ரப்பர் வளையமா என்று பிளம்பர்மார் பெரிய வழக்கே நடத்துவார்கள். வீட்டில் மெழுகு போதும். கட்டைகளுக்கு மேல் நிற்கிற கொட்டேஜுக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன், காரணம் இருக்கிறது. ஒன்ராறியோ குளிருக்கு நிலம் அடிக்கணக்கில் ஆழமாக உறையும். மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸாகி மண்ணைத் தூக்கும், கட்டை எழும்பும், வீடு ஒரு பக்கம் மில்லிமீற்றர் கணக்கில் உயர்ந்து ஏப்ரலில் திரும்ப இறங்கும். கொமட் லேசாக ஆடினாலே போதும், ஒருதரம் நசிந்த மெழுகு திரும்ப எழும்பாது, அந்த இடைவெளியால் ஊத்தைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் பிளைவுட்டுக்குள் இறங்கும். ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

கொமட்டை இறக்கும்போது நேராக இறக்கி, மேலே இருந்து உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமுக்குங்கள், திருப்பி ஆட்ட வேண்டாம். ஆட்டம் இருந்தால் பிளாஸ்டிக் ஆப்பு வைத்து, பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். இடம் கால் சுற்று, வலம் கால் சுற்று என்று மாறி மாறி, கைக்கு இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். பீங்கான் வெடிக்க முன்னர் எந்த அறிவிப்பும் தராது. அடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசும்போது பின்பக்கம் ஒரு சாண் பூசாமல் விடுங்கள், அடியில் ஒழுகினால் அந்த வழியால்தான் உங்களுக்குத் தெரியவரும். நட்டு, போல்ட், வொஷர் எல்லாம் பித்தளையாக இருக்கட்டும்.

தரைக்குக் கீழே போகிற கழிவுப் பைப் 3 அங்குலக் கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிவு. எங்கள் வீட்டின் அடி திறந்த வெளி என்றபடியால் அந்தப் பைப் குளிரில்தான் தொங்குகிறது, ஆனாலும் உறையாது, ஏனென்றால் அதில் தண்ணீர் நிற்பதில்லை, வந்ததும் போய்விடும். உறைவது எங்கே என்றால் பைப் தொய்ந்து வயிறு வைத்த இடத்தில். அதனால் 1.2 மீற்றருக்கு ஒரு தாங்குபட்டி போட்டு, முழு நீளத்துக்கும் மட்டம் வைத்துப் பார்த்தோம். இந்த வேலைக்கு அடியில் மல்லாக்கக் கிடந்து மண் தின்றாலும் பரவாயில்லை, இதில்தான் அவசரப்படக்கூடாது.

தண்ணீர் ஏரியிலிருந்து வருகிறது. ஏரிக்குள் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கிற புட்வால்வு, கரையில் ஜெட் பம்ப், பிறகு அமுக்கத் தாங்கி, அமுக்கம் 30 பிஎஸ்ஐக்கு இறங்கினால் பம்ப் தொடங்கி 50இல் நிற்கும். குடிக்க ரொறன்ரோவிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிறோம். வீட்டுக்குள் வரும் பைப் முழுவதையும் ஒரே மூலையை நோக்கிச் சரித்து, அந்த மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய் வால்வு வைத்தோம். சரிக்க முடியாத ஒரு இடத்தில் தனியாக இன்னொரு வால்வு. கொமட்டுக்குப் போகும் பின்னல் ஹோஸுக்கு முன்னால் நல்ல பித்தளை நிறுத்துவால்வு. ஏரித் தண்ணீரில் வரும் பொடிமண் தண்ணீர் நிரப்பும் வால்வின் ரப்பரில் போய் உட்கார்ந்தால் கொமட் தாங்கி விடிய விடிய நிரம்பிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கப் பம்புக்குப் பிறகு கழுவிப் போடக்கூடிய வலைப் பில்டர் ஒன்று.

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் இல்லாமல் சரிவராது, ஆகவே கைப்பிடி ஷவரும் பூட்டினோம். அதைப்பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொமட்டுக்குப் போகும் தண்ணீரை ஷவருக்கும் பிரித்துவிடுகிற ரீ-வால்வு பெட்டியோடு பிளாஸ்டிக்கில் வரும், அதை எறிந்துவிட்டுப் பித்தளையில் வாங்குங்கள். ஷவரின் முனையை மட்டும் அமர்த்திவிட்டுப் போகக்கூடாது, ரீ-வால்வையே மூட வேண்டும். இல்லையென்றால் ஹோஸ் எந்நேரமும் முழு அமுக்கத்தில் நிற்கும், ஆளில்லாத ஒரு புதன்கிழமை அது வெடித்தால் பம்ப் ஏரியையே வீட்டுக்குள் இறைக்கும். ஷவர் முனை கொமட்டுக்குள் விழுந்து கிடந்தால் ஊத்தைத் தண்ணீர் திரும்பக் குழாய்க்குள் இழுபடாமல் இருக்கத் திரும்பல் தடுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மே மாதம் ஏரித் தண்ணீர் பச்சை ஐஸ். அம்மாவுக்கு ஒரு சின்ன வாளியில் சுடுதண்ணீர் கலந்து வைக்கிறோம். ஒக்டோபரில் இந்த ஷவர், ஹோஸ், ரீ-வால்வு மூன்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். அதற்குள் இருக்கிற சின்னச் சின்ன அறைகளில் தண்ணீர் இல்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோடையில் பராமரிப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, பழக்கவழக்கம்தான். ஏரித் தண்ணீர் குளிர், வெளியே புழுக்கம், கொமட் தாங்கி வியர்க்கும், அந்த வியர்வை சொட்டித் தரை ஊறும். அதைக் கண்டால் உடனே ஒழுக்கு என்று முடிவெடுக்காமல் துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். கறைக்கு வினாகிரி போதும். கொமட் தாங்கிக்குள் போடுகிற நீல, வெள்ளை வில்லைகள் ரப்பரைத் தின்னும், செப்டிக் தாங்கிக்குள் வேலை செய்கிற கிருமிகளுக்கும் கூடாது. துடைக்கிற ஈரத்தாள்களில் பிளஷ் பண்ணலாம் என்று எழுதியிருந்தாலும் போட வேண்டாம். குசினியில் கறிச்சட்டி எண்ணெயைச் சிங்கில் ஊற்றுவது கொமட்டோடு சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும், ஆனால் அது அதே செப்டிக் தாங்கிக்குத்தான் போய் மேலே ஆடையாகக் கட்டும். நாங்கள் சட்டியைப் பேப்பரால் துடைத்துக் குப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் கழுவுகிறோம். லோங் வீக்கெண்டில் இருபது பேர் வந்து தங்கினால் தண்ணீர் முழுவதும் இரண்டு நாளில் படுக்கைக்குப் போகும், அந்த நேரம் உடுப்புத் தோய்ப்பதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செப்டிக் தாங்கியின் அடிமண்டியும் மேலாடையும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் உறிஞ்சி எடுக்க வேண்டும், பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒருதரம். அந்த ஆள் வரும்போதே பில்டரையும் கழுவுவித்துவிடுங்கள்.

மூடுகிற நாளுக்கு வருவோம். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும், பீங்கானுக்கு அந்த இடம் இல்லை. முதலில் பம்புக்கும் சுடுதண்ணீர்த் தாங்கிக்கும் பிரேக்கரை அமர்த்த வேண்டும். வெறும் தாங்கியில் கரண்ட் இருந்தால் உள்ளே இருக்கிற எலிமெண்ட் எரிந்துவிடும். பிறகு எல்லாக் குழாயையும் திறந்து, தாழ்ந்த வால்வால் வடியவிட்டு, கம்பிரசரால் 30, 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் ஊதுவோம். கொமட்டில் பிளஷ் கைப்பிடியை அமத்திப் பிடித்துத் தாங்கியைக் காலியாக்கினாலும் அடியில் ஒரு விரல் தண்ணீர் நிற்கும், அதை ஸ்பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். நிரப்பும் வால்வின் தலையைத் திருகிக் கழற்றினால் அதற்குள்ளும் தண்ணீர் இருக்கும். பின்னல் ஹோஸையும் கீழே கழற்றி வாளிக்குள் பிடியுங்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை ஈரமும் இழுக்கிற வக்யூமால் இழுக்கும்போது அடியில் முன்பக்கம் இருக்கிற ஓட்டைக்குள்ளும் முனையை வைத்து இழுங்கள். அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு கால்வாய் போகிறது, வெடித்த கொமட்டுகளில் கனக்க வெடிப்பது அங்கேதான். பிறகு ரோஸ் நிறப் பிளம்பிங் அன்டிபிரீஸ், அதாவது புரொப்பிலீன் கிளைக்கோல். ஒரு லீற்றரளவு தாங்கிக்குள் ஊற்றி ஒருதரம் அடித்தால் அந்தக் கால்வாயெல்லாம் போகும், மிச்சம் கிண்ணத்துக்குள், எல்லாமாக நாலு லீற்றர். போத்தலில் மைனஸ் 50 என்று எழுதியிருப்பது பைப் வெடிக்காமல் காக்கிற அளவு. அது மைனஸ் 10க்கும் 15க்கும் இடையிலேயே கூழ்போல் இறுகத் தொடங்கிவிடும். பழைய தண்ணீரோடு கலந்தால் அந்தக் காவலும் போய்விடும், அதனால்தான் முதலில் இழுத்து எடுக்கச் சொல்கிறேன். காருக்கு ஊற்றுகிற பச்சை அன்டிபிரீஸும் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீரும் நஞ்சு, அவை போய்ச் சேருவது ஏரிக்கரை மண்ணுக்கு, ஒருபோதும் வேண்டாம். சிங்குக்கும் குளிக்கிற இடத்துக்கும் அடி வளைவுகளில் அரை லீற்றர் அளவு. வளைவு காய்ந்துபோனால் செப்டிக் வாயு வீட்டுக்குள் ஏறும், ஆகவே கிண்ணத்தின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிவிட்டு மூடியைப் போட்டுவிடுவோம்.

செப்டிக் தாங்கியை மூடும்போது வெறுமையாக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் தாங்கி என்றால் வசந்தத்தில் நிலத்தண்ணீர் ஏறும்போது வெறும் தாங்கி மிதந்து மேலே வரலாம், உறிஞ்சுவதைக் கோடையில் செய்யுங்கள். படுக்கைக்கு மேல் இருக்கிற புல்லை செப்டம்பருக்குப் பிறகு வெட்டாமல் விடுவோம், அது ஸ்னோவைப் பிடித்து வைக்கும், தளர்வான ஸ்னோதான் அதற்குப் போர்வை. ஸ்னோமொபீல் ஓடி அதை நசித்தால் குளிர் நேரே கீழே இறங்கும், பக்கத்துப் பெடியங்களிடம் அதை முதலே சொல்லி, நாலு தடி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறோம்.

மே மாதம் திறக்கும்போது தண்ணீர் விட முன்னர் கொமட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் ஆப்பு. பிறகு தாங்கியின் உள்பக்கத்தில் மயிர்வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்து, கொமட்டின் நிறுத்துவால்வை மூடியபடி பம்பைப் போட்டு, மற்றக் குழாய்களில் காற்றும் ஊத்தையும் போன பிறகு அதை ஆறுதலாகத் திறக்க வேண்டும். காய்ந்த டிஷ்யூவை போல்ட் ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தால் ஒழுக்கு உடனே தெரியும். பிளஷ் அடிக்கிற ரப்பர் மூடி ஏழு மாதம் காய்ந்து கிடந்து வளைந்திருக்கும். தாங்கிக்குள் கேசரிக்குப் போடுகிற கலரில் ரெண்டு சொட்டு விட்டு, கால்மணி நேரம் அடிக்காமல் விட்டு, கிண்ணத்தில் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூடியை மாற்ற வேண்டும். அது சின்ன ஒழுக்குத்தான், ஆனால் இரவு முழுக்கப் பம்ப் ஓடி அத்தனை தண்ணீரும் படுக்கைக்குள் போகும். ரப்பர் மூடி ஒன்று, நிரப்பும் வால்வு ஒன்று, பின்னல் ஹோஸ் ஒன்று எப்போதும் அலுமாரியில் கிடக்கும், மிகக் கிட்டிய ஹார்ட்வெயார் கடை ஞாயிறு பின்னேரம் பூட்டிவிடும். வார நாட்களில் வீட்டை விட்டு வரும்போது பம்பின் பிரேக்கரையும் அமர்த்திவிட்டுத்தான் வருகிறோம்.

வின்ரரில் ஸ்னோ பார்க்க ஒரு சனி ஞாயிறு போகிறவர்கள் கிடங்குக் கக்கூஸைப் பாவிக்கட்டும், அதனால்தான் அதை இடிக்காமல் வைத்திருக்கிறோம். அம்மா வருகிறா என்றால் மட்டும் விறகடுப்பில் ஸ்னோவை உருக்கி, வாளியால் நேரே கிண்ணத்துக்குள் ஊற்றி அடிக்கலாம், கொமட் தாங்கிக்குள் ஒரு துளியும் விடக்கூடாது. ஆனால் புறப்படமுதல் அந்தத் தண்ணீரைத் திரும்ப இழுத்து எடுத்துவிட்டுப் புது அன்டிபிரீஸ் நாலு லீற்றர் ஊற்ற வேண்டும், அதற்கான போத்தலை ரொறன்ரோவில் இருந்து வெளிக்கிடும்போதே காரில் ஏற்றுங்கள்.